எனக்குச் சர்க்கரை இருக்கா, இல்லையா டாக்டர்?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 43. திண்டுக்கல் பக்கம் சிறிய ஊர். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்து 178 என்றார்கள். பயந்துபோய் மறுவாரமே டவுனில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 112, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 131, மூன்று மாத சராசரி 6.7. அங்கே இருந்தவரே, "சராசரி 6.5-ஐத் தாண்டிருச்சு, உங்களுக்குச் சுகர்தாம்மா" என்று சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து வேறொரு லேபில் வெறும் வயிற்றில் 98. "ஒண்ணுமில்லை, போங்க" என்றார்கள். லண்டனில் இருக்கும் தம்பி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எங்க கணக்குல இது 50. இங்க 48 வந்தாலே சுகர்" என்கிறான். என் நாத்தனார் தன்னுடைய சர்க்கரை மாத்திரை ஒரு அட்டையைக் கொடுத்து, "அரை அரையாப் போடு" என்றார். நான்கு நாள் போட்டேன், வயிறு கலக்கியதால் விட்டுவிட்டேன். எந்த டெஸ்ட்டைத்தான் நம்புவது? ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.6 என்று இருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டி இருப்பதால் மாதாமாதம் அதிகமாகப் போகும், அது பழகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் கொஞ்சம் கூட இருப்பதாகச் சொன்னார்கள், பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: அம்மா, உங்கள் கையில் இருக்கும் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று நான் எழுதித்தர மாட்டேன். இல்லை என்றும் எழுதித்தர மாட்டேன். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தவை 178-ம் அல்ல, 6.7-ம் அல்ல. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு சங்கதிகள்தான். ஒன்று, ஹீமோகுளோபின் 8.6. இன்னொன்று, சின்னவன் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை கூடியிருந்தது. முதலாவது, உங்கள் எண்களைச் சந்தேகப்படச் சொல்கிறது. இரண்டாவது, உங்களை லேசில் விட்டுவிடாதே என்று எனக்குச் சொல்கிறது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்போம்.

முகாமில் வந்த 178-ஐ முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். திருவிழா நாள் என்கிறீர்கள். பிரசாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் வரிசையில் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் விரலில் குத்தினால், சர்க்கரை நோய் இல்லாத சிலருக்கும் அந்த எண் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? விரல் நுனியில் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும் வெல்லமோ வாழைப்பழமோ ஒரு துளி ரத்தத்தில் கலந்தால், கருவி அதையும் சேர்த்துத்தான் எண்ணும். எத்தனையோ பேர் இந்தப் பயத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். கையைக் கழுவச் சொல்லி மறுபடி குத்தினால் எண் இறங்கிவிடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், முழு ரத்தத்தைப் பார்த்து அதிலிருந்து கணக்குப் போடுகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கமான அளவில் இருக்கும் என்று நம்பித்தான் அந்தக் கணக்கு. உங்களைப் போல ஹீமோகுளோபின் குறைந்து சோகை உள்ளவர்களுக்குச் சிவப்பணு குறைவு என்பதால் பல கருவிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். புதிய கருவிகள் சில இதைச் சரிசெய்துகொள்ளும், எல்லாம் அல்ல. சோகையே இல்லாவிட்டாலும் இந்தக் கருவிகளுக்கு உலக அளவில் அனுமதித்திருக்கும் பிழை, 100-க்கு மேல் போனால் இந்தப் பக்கம் 15 சதவீதம், அந்தப் பக்கம் 15 சதவீதம். அதாவது உண்மையில் 150 இருப்பதை 172 என்று காட்டினாலும் கருவி 'பாஸ்'. நோய் இருக்கிறவர் வீட்டில் தினம் பார்த்துக்கொள்ள இது அருமையான கருவி. நோய் இருக்கிறதா என்று முடிவு கட்ட இது போதாது. வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களும், முகாம் நடத்துகிறவர்களும் இதை வைத்துப் பார்ப்பது, யாரை லேபுக்கு அனுப்பலாம் என்று சலிக்கத்தான். உங்களைச் சலித்து அனுப்பினார்கள், அதோடு அதன் வேலை முடிந்தது.

எந்நேரமும் எடுக்கும் ரத்தத்தில், அதுவும் கை நரம்பில் எடுத்து லேபில் பார்த்த ரத்தத்தில், 200-க்கு மேல் இருந்து, கூடவே அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது போன்ற தொல்லைகளும் இருந்தால் அது வேறு கதை. அப்போது இரண்டாவது சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாக எழுதவில்லை.

அடுத்தது, வெறும் வயிற்றில் 112, பிறகு 98. இந்த இரண்டில் எது உண்மை என்று கேட்டால், இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரே லேபில் அடுத்தடுத்த நாள் பார்த்தாலும் ஐந்தாறு சதவீதம் ஏறி இறங்கும். ராத்திரி தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரும்போல் இருந்திருக்கலாம், ரத்தம் எடுக்கப் பத்து மணி ஆகியிருக்கலாம். விடியற்காலையில் உடம்பே சில ஹார்மோன்களைச் சுரந்து சர்க்கரையைத் தூக்கிவிடும் பழக்கமும் உண்டு. "வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதான் டாக்டர், சர்க்கரை போடாத காப்பி மட்டும் குடிச்சேன்" என்று சொல்பவர்களை வாரம் இருவரையாவது பார்க்கிறேன். காப்பியும் கூடாது. எட்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் மட்டும்.

ஆனால் அந்த 98 என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. இரண்டாவது லேப் எங்கே இருந்தது? ரத்தம் எடுத்த இடத்திலேயே இயந்திரம் இருந்ததா, அல்லது எடுத்து வைத்துக்கொண்டு மதியம் பைக்கில் டவுனுக்கு அனுப்பினார்களா? சிறிய ஊர்களில் பாதி 'லேப்'கள் வெறும் ரத்தம் சேகரிக்கும் இடங்கள்தான். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, அங்கே இருக்கும் சர்க்கரையைத்தான் தின்கின்றன. அறைச் சூட்டில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். காலை ஏழு மணிக்கு 115 இருந்த ரத்தம், பத்து மணிக்கு இயந்திரத்துக்குள் போகும்போது நூறுக்குக் கீழே வந்துவிடலாம். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதில் சோடியம் ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கும், அது அணுக்களின் வாயைக் கட்டும். அதுகூட உடனே கட்டாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆகவே சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது லேபின் ஏ.சி.யையோ போர்டையோ அல்ல, மூடியின் நிறத்தை. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து மணிக்கணக்கில் வைத்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

112 என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 100-லிருந்து 125 வரை அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கத்தின் கணக்கில் நோய்க்கு முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனம் அந்த நிலையை 110-லிருந்துதான் தொடங்குகிறது. ஆக, உங்கள் 112 இரண்டு கணக்கிலும் வரப்புக்குள்தான் நிற்கிறது, ஆனால் நோய் என்ற பக்கத்து வயலுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை.

இந்த 126 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. கம்பெனிக்காரர்கள் மாத்திரை விற்பதற்காகக் குறைத்த எண் என்று வாட்சப்பில் ஒரு கதை சுற்றுகிறது. 1997 வரை எல்லைக்கோடு 140-ஆகத்தான் இருந்தது, அந்த ஆண்டு குறைத்தார்கள், அது உண்மை. குறைத்ததற்குக் காரணம் கண். அரிசோனாவின் பிமா பழங்குடியினர், எகிப்தியர், அமெரிக்கப் பொதுமக்கள் என மூன்று கூட்டத்தாரின் கண்களுக்குள் விழித்திரையைப் பார்த்து, அதில் சர்க்கரையால் வரும் சேதம் எந்த எண்ணுக்கு மேல் திடீரென்று ஏறுகிறது என்று கோடு போட்டார்கள். வெறும் வயிற்றில் பார்த்தால் அந்தத் திருப்பம் 126 பக்கத்தில் வந்தது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் 200 பக்கம், மூன்று மாத சராசரியில் 6.5 பக்கம். எல்லா எண்களும் ஒரே கண்ணைக் காப்பாற்றப் போட்ட வேலிகள்தான். ஆனால் மூன்றும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை முதலில் கெடும், இன்னொருவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுவது முதலில் கெடும். இரவெல்லாம் ஈரல் எவ்வளவு சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது என்பதைக் காலை எண் சொல்கிறது. வந்து விழும் சோற்றைச் சமாளிக்கக் கணையத்துக்கும் தசைக்கும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதைச் சாப்பாட்டுக்குப் பின் எண் சொல்கிறது. ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 131. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் என்ன சாப்பிட்டீர்கள்? என் கணிப்பைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். 178 என்று கேட்டுப் பயந்துபோன ஒருவர் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் மூன்று தோசை சாப்பிட மாட்டார். இரண்டு இட்லி, சட்னி இல்லை, காப்பி இல்லை. அதற்குப் பிறகு லேபிலிருந்து பேருந்து நிலையம் வரை ஒரு நடை. அந்த 131 சொல்வது, இரண்டு இட்லியை உங்கள் உடம்பு தாங்கியது என்பதை மட்டும். நம் ஊரில் ரிப்போர்ட்தோறும் அச்சாகும் இந்த 'பிபி' (சாப்பாட்டுக்குப் பின்) என்ற எண், மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரை போதுமா என்று பார்க்க உதவும். நோயைக் கண்டுபிடிக்க உலகத்தில் யாரும் இதற்குக் கோடு போட்டுத் தரவில்லை. 200 என்ற கோடு 75 கிராம் குளுக்கோஸ் குடித்தவருக்கு. அதை இட்லி சாப்பிட்டவர் மேல் பொருத்திப் பார்க்கிறோம். நாங்களும் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டோம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டையே கலக்கிய அந்த 6.7.

மின்வாரியத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரீடிங் எடுத்துப் போவார்கள் அல்லவா? எந்த நாள் மிக்ஸி ஓடியது, எந்த நாள் ஏ.சி. ஓடியது என்று அந்தக் கணக்கு சொல்லாது, மொத்தம் எவ்வளவு ஓடியது என்று சொல்லும். ஹெச்பிஏ1சி என்ற இந்தச் சோதனையும் அப்படித்தான். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது பிறந்ததிலிருந்து ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நூறு பங்கில் எத்தனை பங்கு சர்க்கரை பூசியிருக்கிறது என்பதுதான் அந்த 6.7. மூன்று மாத சராசரி என்கிறோமே தவிர, அதில் ஏறக்குறைய பாதிக் கனம் கடைசி ஒரு மாதத்துக்குத்தான். முந்தின நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. வெறும் வயிறும் தேவையில்லை, ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் கெட்டுப்போகும் அவசரமும் இல்லை. அதனால்தான் எங்களுக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம். சாமுவேல் ரஹ்பார் என்ற இரானிய மருத்துவர் 1968-ல் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வித்தியாசமான ஹீமோகுளோபினைக் காட்டினார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் இதை, சிகிச்சை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க மட்டும்தான் வைத்திருந்தோம். நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கச் சங்கம் சொன்னது 2010-ல், உலக சுகாதார நிறுவனம் 2011-ல்.

மீட்டரே பழுதாக இருந்தால் பில் சரியாக வருமா? இங்கே மீட்டர் என்பது சிவப்பணு. அது 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தக் கணக்கு முழுக்க நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் புதிய சிவப்பணு உற்பத்தி மந்தமாகும், பழைய அணுக்களே அதிக நாள் ஓடிக்கொண்டிருக்கும், சர்க்கரைப் பூச்சும் கூடும். அதனால் சர்க்கரை ஏறாமலேயே இந்த எண் ஏறிவிடும். 8.6 ஹீமோகுளோபினும் மாதாமாதம் அதிக ரத்தப்போக்கும் உள்ள ஒரு பெண்ணுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்துக் குறைவைத்தான். மறுபக்கம், ரத்தம் நிறையப் போகிறவர்களுக்குப் பழைய அணுக்கள் வெளியே போய்ப் புதியவை வந்தால் எண் இறங்கவும் செய்யும். உங்களை ஒரு கை மேலே இழுக்கிறது, இன்னொரு கை கீழே இழுக்கிறது. எது ஜெயித்தது என்று அந்த 6.7-ஐப் பார்த்துச் சொல்லும் ஆள் யாரும் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2011-ல் அனுமதி கொடுத்தபோது, எண்ணைக் குழப்பும் வேறு நிலை எதுவும் இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் கொடுத்தது.

இது உங்கள் ஒருவர் கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. அதாவது இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சி-யைப் படிக்கக் கூடாது. லேப்காரர் இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தார், ஒன்றை மட்டும் படித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நோய் இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை அல்ல என்பதை மட்டும் சொல்வேன். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு, வேறு வகை ஹீமோகுளோபின் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

உங்கள் தம்பி சொன்னது புதிய எண் இல்லை. இங்கிலாந்தில் சர்க்கரையை மில்லிமோலில் அளக்கிறார்கள். நம் எண்ணைப் பதினெட்டால் வகுத்தால் அவர்கள் எண் வரும், நம் 126 அங்கே 7. ஹெச்பிஏ1சி-க்கும் அவர்களிடம் வேறு அளவுகோல், நம் 6.5 அங்கே 48, உங்கள் 6.7 அங்கே 50. ஒரே சேலையை நாம் முழத்தால் அளந்தோம், அவர் மீட்டரால் அளந்தார். சாயம் போயிருக்கிறதா என்பது இரண்டிலும் தெரியாது.

பொதுவான விதி ஒன்று உண்டு. தொல்லை எதுவும் இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு சோதனை எல்லை தாண்டினால் நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. இரண்டு வேண்டும், ஒரே ரத்தத்தில் இரண்டு வகைச் சோதனையும் தாண்டியிருக்கலாம், அல்லது வேறு நாளில் அதே சோதனை மறுபடி தாண்டியிருக்கலாம். ஒன்று தாண்டி ஒன்று தாண்டாமல் இருந்தால், தாண்டிய சோதனையைத்தான் திரும்பச் செய்ய வேண்டும். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு ஹெச்பிஏ1சி-யை மறுபடி பார்க்க வேண்டும். சோகை இருப்பதால் அதையும் செய்ய வேண்டாம் என்கிறேன். உங்களுக்கு இப்போது சிவப்பணுவைச் சாராத, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேராக அளக்கும் சோதனைதான் வேண்டும்.

இங்கேதான் சின்னவன் வருகிறான். அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு 2007-ல் கொண்டுவந்தது. சென்னையின் மூத்த சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷய்யா வற்புறுத்திய எளிய முறை அது. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொன்னால் தொலைதூரக் கிராமத்துப் பெண்கள் வரவே மாட்டார்கள் என்பதால், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140 தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று வைத்தார்கள். உங்களுக்குக் "கொஞ்சம் கூட" என்று சொன்னது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எண் இறங்கும், அது அநேகமாக எல்லோருக்கும் இறங்கும். ஆனால் கர்ப்பம் என்பது கணையத்துக்கு வைத்த ஒரு பரீட்சை. அதில் தடுமாறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. குழந்தை பிறந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு குளுக்கோஸ் சோதனை, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை என்பது விதி. உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் கைக்குழந்தையோடு நீங்கள் எங்கே போயிருப்பீர்கள்.

அதனால் உங்களுக்கு நான் எழுதும் சோதனை அதே குளுக்கோஸ் தண்ணீர்தான், இந்த முறை வெறும் வயிற்றோடு. ஓஜிடிடி என்று கேளுங்கள். இது கொஞ்சம் சிரமமான சோதனை. ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறுவதில் மற்றச் சோதனைகளைவிட மோசம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் தடுமாறும் உடம்பைப் பிடிக்க இதைவிட நல்ல வலை இல்லை.

அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு, இட்லி, தோசை சாப்பிடுங்கள். இதைத்தான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சோதனை வருகிறது என்று மூன்று நாள் சோற்றை நிறுத்திவிட்டுப் போனால், பழக்கம் விட்ட உடம்பு திடீரென்று வரும் குளுக்கோஸைப் பார்த்துத் திணறும், எண் தேவையில்லாமல் ஏறும். ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துப் போய் முதல் ரத்தம் கொடுங்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த கால் லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். (கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி நீர் சேர்ந்தது என்றால் 82.5 கிராம் எடுத்தால்தான் 75 கிராம் சுத்தக் குளுக்கோஸ் ஆகும். ஒரு தோராயமாக ஸ்பூனில் அள்ளிப் போடும் இடமாக இருந்தால் வேறு லேப் பாருங்கள்.) குமட்டினால் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வேறு நாள் வர வேண்டும். முதல் மடக்கு உள்ளே போன நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம். அதுவரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். டவுனுக்கு வந்ததுதான் வந்தோம், நூல்கண்டும் லைனிங் துணியும் வாங்கிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், எண் குறைந்து காட்டும். இரண்டு தடவையும் கை நரம்பில், சாம்பல் மூடிக் குழாயில், இயந்திரம் அங்கேயே இருக்கும் இடத்தில். அரசு மருத்துவமனை லேப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே போதும்.

இரண்டு மணி நேர எண் 140-க்குக் கீழே, வெறும் வயிற்று எண் 100-க்குக் கீழே என்றால் இன்றைக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் வருடம் ஒருமுறை வந்து பார்க்கிற ஆள் நீங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை என்றால் முந்தைய நிலை. அங்கே நடை, சாப்பாடு, எடை இவற்றுக்குத்தான் முதல் வேலை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வெறும் வயிற்றில் 126-ம் இரண்டு மணி நேரத்தில் 200-ம் இரண்டுமே தாண்டினால் நோய் உறுதி. ஒன்று மட்டும் தாண்டினால் வேறு நாளில் மறுபடி ஒருமுறை.

சோகையைத் தள்ளிப் போடாதீர்கள். "பழகிவிட்டது" என்ற வார்த்தையை என் அறையில் எத்தனை பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 8.6 பழகிக்கொள்ள வேண்டிய எண் அல்ல. மகப்பேறு மருத்துவரிடம் அந்தக் கட்டியைக் காட்டுங்கள், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்பியுங்கள். ஆரம்பித்த பிறகு அடுத்த மூன்று மாதத்துக்குள் யாராவது ஆர்வத்தில் ஹெச்பிஏ1சி பார்த்தால் அது சரசரவென்று இறங்கியிருக்கும், கூட்டமாகப் பிறந்த புதிய சிவப்பணுக்களில் இன்னும் சர்க்கரை பூசியிருக்காது, அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சர்க்கரை குணமாகிவிட்டது என்று கொண்டாட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியாகி மூன்று மாதம் ஆன பிறகு பார்க்கும் ஹெச்பிஏ1சி-யை நானும் நம்புவேன்.

சோதனைக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், கிடைத்தால் சின்னவனுடைய பிரசவச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அந்த நான்கு நாள் அரை மாத்திரையால் உங்களுக்குக் கெடுதல் எதுவும் நடந்திருக்காது, ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் அட்டையை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் போடாமல் இருக்கப் போவது அவர்தான்.